செந்நாரைக்கு ஆகாத வெள்ளைச் சட்டை

மட்டாஞ்சேரியிலிருந்து வந்து, பாதுகாக்கப்பட்ட அலையாத்திச் சதுப்புக் காட்டுக்குள் வள்ளத்தில் போகிறேன். செந்நாரையைப் பக்கத்தில் பார்க்க ஆசை. விடுப்பு இன்று ஒரு நாள்தான். துடுப்புப் போடும் சேச்சி என் புதுச் சட்டையை முறைக்கிறார்.

"சேட்டா, இந்த வெள்ளையைக் கண்டா நாரை பறந்துடும். கழட்டுங்க."

"உள்ளே பனியன் இல்லை, சேச்சி."

"உங்களைப் பாக்க இங்க ஆரு வந்தா? நாரையைப் பாக்கத்தானே வந்தது!"

சிரித்துக்கொண்டே ஒரு சாக்கை எடுத்துத் தருகிறார். சட்டைக்கு மேல் போர்த்திக்கொள்கிறேன். வள்ளம் வேர்களுக்கிடையே நிற்கிறது. இரண்டு துடுப்பு தூரத்தில் செந்நாரை இறங்குகிறது. செம்பழுப்புக் கழுத்தில் கறுப்புக் கோடு, எவ்வளவு அழகு! கொச்சங்காடி சரக்குக் கிட்டங்கியில் தினமும் மூட்டை சுமந்து ஓடுகிறவன் நான். இன்று வெறுஞ்சாக்கின் கீழ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாரை ஒருமுறை என்னைப் பார்க்கிறது. பறக்கவில்லை.