மஞ்சுநாத் போட்ட கையெழுத்து

ஜெயவேலுவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். 2002-இல் போர் வரும் வரும் என்று ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைத்தார்கள். போர் வரவில்லை. புதைத்ததைத் தோண்டி எடுக்கும்போது, மணலோடு நகர்ந்திருந்த ஒன்று இவர் காலடியில் வெடித்தது.

மற்றவர்கள் உறைந்து நிற்க, மண்டியா பக்கத்து மஞ்சுநாத் ஒருவர்தான் உள்ளே வந்தார். இவரைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி நடந்தார். அப்படி மிஞ்சிய உயிரோடு ஜெயவேலு பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக் குடும்பம் நடத்தினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சுநாத்தின் மகளுக்கு ஊர்க் கோயிலில் கல்யாணம். ஜெயவேலு மனைவி தனலக்ஷ்மியோடு முதல் பஸ் பிடித்துப் போனார். படியேறும்போது ஒரு பெரியவர் கன்னடத்தில் விசாரித்தார், எந்த ஊர், என்ன ஜாதி என்று. ஜெயவேலு மறைக்கவில்லை.

சற்று நேரத்தில் மஞ்சுநாத்தே வெளியே வந்தார். முகம் பார்த்துப் பேசவில்லை.

"ஜெயா, பேஜார் பண்ணிக்காதே. தாலி கட்டி முடியிற வரைக்கும் அந்த மரத்தடியில இரு. ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

"நீயாடா இதைச் சொல்றே, மஞ்சு?"

உள்ளே மேளம் கொட்டியது. மஞ்சுநாத் உள்ளே போய்விட்டார். தனலக்ஷ்மி பரிசுப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, "வாங்க, போலாம்" என்றார்.

மறுவாரம் ஜெயவேலு, அந்தக் கோயிலில் ஜாதி பார்த்துத் தடுக்கிறார்கள் என்று தாசில்தாருக்கு மனு எழுதினார்.

"உசிரைக் காப்பாத்தினவரை இதுல இழுக்கணுமா?" என்று தனலக்ஷ்மி கேட்டார்.

"அவன் பேரை எழுதல, தனா. நான் பஸ் ஏறி வந்துட்டேன். அந்த ஊர்லயே பொறந்து வெளியே நிக்கிற முப்பது குடும்பம் எங்க போகும்?"

விசாரணையில் ஊரே ஒரே குரலில், யாரையும் தடுத்ததில்லை என்றது. கடைசியாக மஞ்சுநாத்தைக் கேட்டார்கள். அவர், "தடுத்தாங்க. போய்ச் சொன்னது நான்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தாசில்தார் உத்தரவில், போலீஸ் காவலோடு முப்பது குடும்பமும் உள்ளே போய்க் கும்பிட்டது. ஒரே ஒரு நாள். மறுநாள், திருப்பணி வேலை என்று கோயிலைப் பூட்டினார்கள், இன்னும் திறக்கவில்லை. மஞ்சுநாத் வீட்டுப் பாலை ஊரில் யாரும் வாங்குவதில்லை. சம்பந்தி வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஜெயவேலு போன் செய்தபோது, "என்னால இதுக்கு மேல முடியாது, ஜெயா. இனிமே கூப்பிடாதே" என்று வைத்துவிட்டார்.

கோயிலைத் திறக்கச் சொல்லி வழக்கு நடக்கிறது. முதல் இரண்டு வாய்தாவுக்கு அந்தக் குடும்பங்களிலிருந்து ருக்மிணி என்ற பெண் வந்தார். அதன்பின் ஊரில் அவருக்கு வயல் வேலை கிடைக்கவில்லை. போன வாய்தாவுக்கு ஜெயவேலு மட்டும்தான் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். நீதிபதி விடுப்பு என்றார்கள்.