ஆடித் தள்ளுபடியில் பதினேழாம் கட்டில்

ஐம்பத்தேழு வயதில் வருடத்துக்கு நான்கு பரீட்சை எழுத வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் பிறகு வார்டு சிஸ்டராகவும் ஓட்டிவிட்டு, திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கும் முதியோர் பராமரிப்பு மையம் ஒன்றில் நிர்வாகியாகச் சேர்ந்தேன். எனக்கு ஊசி போடத் தெரியும், புண் கழுவத் தெரியும், தேவைப்பட்டால் டாக்டரையே சத்தம் போடத் தெரியும். காலாண்டு அறிக்கை என்றால் என்னவென்று மட்டும் தெரியாது.

எங்கள் மையம் சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் கிளை. எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் வந்து தங்குவார்கள். மொத்தம் நாற்பது கட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அதிகாரி கம்ப்யூட்டர் திரையில் வந்து உட்காருவார். சராசரியாக முப்பத்தாறு கட்டில் நிரம்பியிருந்தால் எங்கள் கிளைக்கு எதிரே பச்சை நிறம். கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. பச்சை வந்தால் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் ஊக்கத்தொகை உண்டு.

ஆஸ்பத்திரியில் ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போனால் இனிப்பு கொடுப்பார்கள். இங்கே ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போனால் சென்னையில் ஒருவருக்கு முகம் வாடும். இதற்குப் பழகவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுதான் எங்களுக்கு எப்போதும் கண்டம். காரணம் ஆடி மாதம். அந்த வருடம் ஜூலைத் தொடக்கத்திலேயே நிதி அதிகாரி கேட்டார்.

“போன வருஷம் இந்தக் காலாண்டு சிவப்பு, மேடம். இந்த வருஷம் என்ன பிளான்?”

“ஆடி வருது சார். எங்க பக்கம் ஆடியில பொண்ணு பாக்க மாட்டாங்க, வீடு மாத்த மாட்டாங்க. பெத்தவங்களை மட்டும் கொண்டாந்து சேப்பாங்களா? ‘ஆடி கழியட்டும் சிஸ்டர்’னு போனை வச்சிருவாங்க.”

“ஆனா அதே ஆடியிலதானே மேடம் ஜவுளிக்கடையில கூட்டம் அலைமோதுது?”

“அவங்க தள்ளுபடி போடுறாங்க சார். வேணும்னா நாமளும் போடுவோம். ஆடித் தள்ளுபடி, அம்மா அப்பாவுக்கு இருபது சதவீதம்!”

சொல்லிவிட்டு நான்தான் பெரிதாகச் சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். திரையில் நிதி அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆடி பிறப்பதற்கு முன்பே இரண்டு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர்கள் வந்து இறங்கின. ஒன்றை எங்கள் வாசலில் கட்டினார்கள், இன்னொன்றை, ஒருகாலத்தில் மாட்டுச் சந்தை கூடிய மாட்டுத்தாவணியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. “ஆடி அதிரடி! அம்மா அப்பாவுக்கு 20% தள்ளுபடி! முந்துங்கள்!” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பல் அத்தனையும் இருந்தது. எங்கள் மையத்தில் உள்ள எல்லாரையும் கூட்டி எண்ணினாலும் அத்தனை பல் தேறாது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமியாருக்கும் இது பொருந்துமா என்று ஒரு பெண்மணி குரலைத் தாழ்த்திக் கேட்டார். இரண்டு பேரைச் சேர்த்தால் ஒரு பட்டுச்சேலை உண்டா என்றார் ஒருவர். அவர் நிஜமாகக் கேட்டாரா கேலிக்குக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. “எங்கப்பனைத் தள்ளுபடியில விடுற அளவுக்கு நாங்க வக்கத்துப் போகல” என்று திட்டி வைத்தவர்களும் உண்டு. அவர்களிடம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

உள்ளே வேறு கூத்து. எங்களிடம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பங்குனியிலிருந்து தங்கியிருந்தார். பேனர் கட்டிய அன்றே சிவப்பு மைப் பேனாவோடு வந்து, தன் பில்லையும் திருத்தித் தரச் சொன்னார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும்தான் என்றேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் அதையே பெருமையாக மாற்றிக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தில் புதிய முகம் தென்பட்டால் போதும், “நீங்க ஆடிக்கு முன்னாடியா, ஆடிக்குள்ளயா? நான் முழு விலை” என்று ஆரம்பித்துவிடுவார்.

தள்ளுபடி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆடி மூன்றாம் வாரத்தில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மானாவாரி நிலம் கொஞ்சம், இரண்டு பசு, அதோடு நாற்பது வருடமாக மாட்டுத் தரகு. கட்டுத்தறியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து நேராக எங்களிடம் வந்திருந்தார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரே மகன் செப்டம்பர் முடியப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டுப் போனான். நல்ல பையன்தான். தள்ளுபடி இல்லாவிட்டால் அவனால் சேர்த்திருக்கவே முடியாது.

பெரியவருக்குப் பதினேழாம் கட்டில். முதல் நான்கு நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆர்வமாக நடந்தார். பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம், “எம் மகன் கெட்டிக்காரன். பெரிய எடமாப் பாத்துச் சேத்துருக்கான்” என்று ஒரே பெருமை. ஐந்தாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் தலைமையாசிரியை தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெரியவருக்குப் புரியவில்லை. ஆசிரியை ஜன்னல் வழியாக வாசல் பேனரைக் காட்டி, எழுத்துக்கூட்டி வாசித்து, மாட்டுத்தாவணியிலும் இதேதான் தொங்குகிறது என்றும் சொன்னார்.

பெரியவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் மறுநாள் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. “தள்ளுபடியில வந்த உருப்படிக்கு நடை ஒரு கேடா?” என்று பிசியோதெரபிப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார். மகன் போனில் அழைத்தால் பேச மறுத்தார்.

இடுப்பு ஆபரேஷன் ஆனவர் ஆரம்ப வாரங்களில் எழுந்து நடக்காவிட்டால், பிறகு நடப்பது கடினம். அப்படியே படுக்கையோடு போனவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் நான். சும்மா கிடக்காத என் வாய்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மேஜைக் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பதினேழாம் கட்டிலில் செப்டம்பர் முடிய ஆள் இருந்தால் எங்கள் சராசரி முப்பத்தாறைத் தொடும். பச்சை. அவர் முன்னதாக எழுந்து போய்விட்டால் மஞ்சள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால் எங்கள் எல்லாருக்கும் தீபாவளிக்கு ஊக்கத்தொகை வரும். அந்தக் கணக்கை என் கையாலேயே போட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் காலையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஏன்யா நடக்க மாட்டேங்குறீங்க?”

சுவரைப் பார்த்தபடியே பேசினார். “ஆத்தா, நாப்பது வருசம் தரகு பாத்தவன் நான். நொண்டி மாடா இருந்தாலும் துண்டப் போட்டு மறைச்சு, விரலப் புடிச்சுத்தான் விலை பேசுவோம். எம்புட்டுக்குக் குறைஞ்சு போச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா மாட்டுக்காரன் மொகம் செத்துரும்ல. மாட்டுக்கே அந்த மரியாதை. நீங்க மனுசன் விலையக் குறைச்சு, மாட்டுத்தாவணில கொண்டுபோய்த் தொங்க விட்டுருக்கீங்க.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“அந்தப் போர்டு என் வாயால வந்ததுய்யா. நான் கேலிக்குச் சொன்னேன். மெட்ராஸ்ல எழுதி வச்சுக்கிட்டாங்க.”

அவர் மெதுவாகத் திரும்பினார். “கேலிக்கா?”

“ஆமாய்யா.”

“வாய்க்கொழுப்பு.”

“ஆமாய்யா.”

மீசைக்குள் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. அதை நான் விடவில்லை. கட்டில் தலைமாட்டில் கிடந்த அவர் துண்டை எடுத்து நீட்டினேன்.

“துண்டப் போடுங்க. நாம விலை பேசுவோம்.”

“எதுக்கு விலை?”

“நடக்குறதுக்கு. கையில எதையும் புடிக்காம நீங்களா வாசல் கேட்டு வரைக்கும் நடந்து போகணும். எத்தனை நாள்ல?”

“பொம்பள கையப் புடிச்சு விலை பேசுனேன்னு தெரிஞ்சா ஊர்ல சிரிப்பாய்ங்க.”

“துண்டுக்கு அடியில இருக்குறது பொம்பளக் கையா ஆம்பளக் கையான்னு எவனுக்குத் தெரியும்?”

இந்தமுறை நிஜமாகவே சிரித்தார். எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, என் கைமேல் துண்டைப் போட்டார். நாடி பார்க்க ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்திருக்கிறேன். என்னிடம் பேரம் பேசிய முதல் கை அதுதான். அவர் என் விரல்களைச் சேர்த்து அழுத்தி ஒரு கணக்குச் சொன்னார். நான் கையை உதறினேன். நான் சொன்னதற்கு அவர் உதறினார். என் தலைக்குள் காலண்டர் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் நான் நாளைக் குறைத்துக் குறைத்துத்தான் கேட்டேன். தலைமையாசிரியை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“இங்க என்ன நடக்குது?”

“யாவாரம் டீச்சர். தள்ளி நில்லுங்க” என்றார் பெரியவர்.

கடைசியில் படிந்தது. எத்தனை நாள் என்பதை இங்கேயும் எழுதமாட்டேன். துண்டுக்கு அடியில் பேசியது. அவர் பக்கத்திலும் நிபந்தனை இருந்தது. இரண்டு பேனரையும் இறக்க வேண்டும், இறக்கியதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும். “மாட்டுக்கொட்டாய் ஒழுகுது” என்றார். பில்லில் இருக்கும் தள்ளுபடியை என்ன செய்வது என்று கேட்டேன். “அது ஒனக்கும் எனக்கும் எம் மகனுக்கும் தெரிஞ்சாப் போதும்” என்று முடித்துக்கொண்டார்.

அச்சாரமாக அன்றைக்கே வாசல் பேனரை இறக்கினேன். மாலையில் ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணிக்குப் போனேன். கயிற்றை அறுத்துக் கொடுத்த ஆட்டோக்காரர், “அக்கா, எனக்குக் குடுத்துருங்க, மழைக்கு வண்டிக்குக் கட்டிக்கிருவேன்” என்று கெஞ்சினார். ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சென்னைக்கு மட்டும், ஆடிக் காற்று பலமாக இருப்பதால் பேனர்களைப் பாதுகாப்பாக எடுத்து வைத்திருப்பதாக ஒரு மெயில் அனுப்பினேன்.

பெரியவர் மறுநாளிலிருந்து நடந்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். மகன் போன் செய்தபோது தானே வாங்கி, பசுக்களுக்குத் தவிடு வைத்தானா என்று அதட்டினார். தலைமையாசிரியை ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்படி எவ்வளவுதான் குறைச்சாங்க?” என்று கேட்டிருக்கிறார். பெரியவர் துண்டை உதறி மேஜைமேல் விரித்து, “கையக் குடுங்க டீச்சர், சொல்றேன்” என்றாராம். ஆசிரியை ரசத்தைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஆவணியில் ஒரு காலை நேரத்தில் பெரியவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். வாக்கர் இல்லை, கம்பு இல்லை. பேசாமல் கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே பிசியோதெரபிப் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். தலைமையாசிரியை வராந்தாவில் நின்று ஒவ்வொரு அடியையும் சத்தமாக எண்ணினார். பெரியவர் கேட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பேசுனதுக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன். ஒரு நாள் ஒனக்குத் தள்ளுபடி, ஆத்தா.”

எல்லார் முன்னாலும் அழுதேன். அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை.

இரண்டு நாளில் மகன் வந்து அழைத்துப் போனான். சுருட்டிய பேனர்கள் காருக்கு மேலே ஏறின. எங்கள் பக்கம் எங்கிருந்து கிளம்பினாலும் ‘போயிட்டு வாரேன்’ என்போம், இந்த மாதிரி இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் அப்படிச் சொல்வதில்லை. “போறேன்” என்றார். “போங்க” என்றேன். பதினேழாம் கட்டில் செப்டம்பர் முடியக் காலியாகக் கிடந்தது.

அக்டோபரில் நிதி அதிகாரி திரையில் வந்தார். எங்கள் மதுரைக் கிளைக்கு எதிரே மஞ்சள்.

“ஒரு நூல்ல பச்சை போச்சே மேடம். பதினேழாம் கட்டில் முன்னாடியே கிளம்பிட்டாரு போல. என்ன காரணம்?”

“நடந்துட்டாரு சார்.”

“சந்தோஷம் மேடம்” என்றார், சந்தோஷமே இல்லாத குரலில். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “அந்த ஆடி பேனர் ரெண்டும் பத்திரமா இருக்குல்ல? அடுத்த வருஷமும் கட்டலாம்” என்றார்.

மேஜைமேல் என் போன் கிடந்தது. அன்று காலைதான் பெரியவரின் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கொட்டாயின் கூரையில் பேனரை அச்சடித்த பக்கம் உள்ளே தெரியும்படி கட்டியிருந்தார்கள். அத்தனை பல்லையும் காட்டி அந்தத் தாத்தாவும் பாட்டியும் மேலேயிருந்து இரண்டு பசுக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரியவர், கம்பு இல்லாமல், பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பத்திரமா இருக்கு சார்” என்றேன்.

அதற்கு மேல் சொல்ல என் நாக்கில் நான்கைந்து வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. வாயை இறுக மூடிக்கொண்டேன்.