மரியாதையாக ஒரு படம்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் லோடு ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெத்தாங்க் ஆடுவேன். சின்ன மரக்குண்டுக்குப் பக்கமாக இரும்புக் குண்டை எறிந்து நிறுத்த வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம். படிப்பு தேவையில்லை. அதனால் எனக்கு வந்தது.

போன வருஷம் தேசியப் போட்டிக்கு என்னைச் சேர்த்தார்கள். ரயில் செலவு அவரவர் பாடு. ஸ்பான்சர் கிடைத்தால்தான் நான் போக முடியும். மனைவியின் தம்பி லாஸ்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறான். முதலாளியிடம் சொல்லி வைத்தான். அவர் முதலில் ஃபேஸ்புக்கைத்தான் பார்ப்பாராம்.

மச்சான் என் பக்கத்தைத் திறந்தான். சாவு மேளத்துக்கு நான் ஆடிய வீடியோ. முகமெல்லாம் கேக் பூசிய படம். ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற படம். அதில் மீன்தான் அழகாக இருந்தது.

"இதப் பாத்தா எவன் மாமா குடுப்பான். எல்லாத்தயும் தூக்கிடு. புரொபஷனலா ஒரு படம் போடு."

புரொபஷனல் என்றால் என்ன என்று கேட்கக் கூச்சம். மரியாதையாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் கடை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மரியாதையாக ஒரு படம் வேண்டும், எனக்குத்தான் என்றேன். பேனர்காரன் என்னைப் பார்த்தான். படம் எடுத்தான். பின்னால் வானம் வைத்தான். தலையைச் சுற்றி வெளிச்சம், இரண்டு பக்கமும் பூ. பிறந்த தேதி கேட்டான். ‘தோற்றம்’ என்று எழுதி அந்தத் தேதியைப் போட்டான். ஆள் பார்க்க எப்படி என்பதுதானே தோற்றம், ஸ்பான்சருக்கு அதுதானே வேண்டும் என்று நினைத்தேன்.

"இன்னொரு தேதிண்ணே?"

போட்டித் தேதியைக் கேட்கிறான் என்று நினைத்தேன். "இன்னும் முடிவாவல. அப்புறம் சொல்றேன்."

"தைரியமான ஆளுண்ணே நீங்க" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

படத்தைப் போட்டுவிட்டு லோடுக்குப் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பினால் வாசல் நிறையச் செருப்பு. பெத்தாங்க் ஆட்டக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

மனைவி போனை நீட்டினாள். அப்போதுதான் புரிந்தது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போடும் கண்ணீர் அஞ்சலி படம் அது. எனக்குப் பாதி போட்டிருந்தான்.

"உயிரோட இருக்கறதக்கூட ஒழுங்கா காட்டத் தெரியல உனுக்கு" என்றாள்.

கீழே ஒரே இரங்கல். பாண்டியில் இவரைப் போலக் குறி வைக்க ஆள் இல்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். ஞாயிறுதோறும் என் எறியைப் பார்த்துச் சிரிப்பவன் அவன்தான். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தான். மற்றவர்களும் அழித்தார்கள். எனக்கு வருத்தந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்.

மச்சான் போன் செய்தான். முதலாளி படத்தைப் பார்த்துவிட்டாராம், துக்கம் கேட்டாராம். ஸ்பான்சர் போச்சு மாமா என்றான். குளித்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என் கையைத் தொட்டுப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"நீ இருந்தப்ப உன்ன யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. போயிட்டன்னு பாத்தப்பதான் அவ்ளோ பெரிய ஆட்டக்காரன்னு தெரிஞ்சிது."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்தேன்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தார். பனியனும் கொடுத்தார். முதுகு முழுக்கக் கடைப் பெயர்.

போனேன். இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றேன். திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடைப் பெயர் நன்றாகத் தெரிந்ததா என்று மட்டும் கேட்டார்.

தெரிந்தது என்றேன். மைதானத்தை விட்டு வெளியே நடக்கும்போது எல்லோரும் என் முதுகைத்தான் பார்த்தார்கள்.