மோடம் பேசிய மத்தியானம்

கோவில்பட்டியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது எங்கள் தெருவில் போன் இருந்த ஒரே இடம் என் கடைதான். தெருவில் எட்டு வீடுகள் என் நம்பரைத் தங்கள் நம்பராகவே எல்லாரிடமும் கொடுத்திருந்தன. கல்யாணப் பத்திரிகையில், பள்ளிக்கூட விண்ணப்பத்தில், எங்கே பார்த்தாலும் என் நம்பர், பக்கத்தில் பி.பி. என்று இரண்டெழுத்து. அடுத்தவர் போன், கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். மணி அடித்தால் எடுப்பேன், "அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்பேன், தெருவில் இறங்கிக் கத்துவேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஒருநாள் ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றால் அதுவும் எரிச்சலாக இருக்கும். என் குணம் அப்படி.

அந்த எட்டில் ஒன்று நாலாவது வீட்டு அக்காவின் வீடு. அக்காவின் வீட்டுக்காரர் வளைகுடாவில் கட்டட வேலை. ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவர், கரிசலில் ஆடுகளுக்கே மேய்ச்சல் இல்லாமல் போன பிறகு கம்பி கட்டப் போனார். வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, என் கடைக்கு போன் வரும். அக்கா கையில் வேலையோடு ஓடி வருவாள். புதியம்புத்தூரிலிருந்து மூட்டையாக வரும் நைட்டிகளுக்குப் பட்டன் தைப்பதுதான் அவள் பிழைப்பு. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே பட்டன் தைப்பாள்.

கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமை சண்டை. மூத்த மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர் மறுபடியும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அக்கா ஒருத்தரையும் பார்க்கவில்லை. "வர முடியாதுன்னா அங்கனயே கெடங்க" என்று கத்திவிட்டு ரிசீவரைப் படாரென்று வைத்தாள். நாங்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அடுத்த வியாழக்கிழமை அவர் சாரத்திலிருந்து விழுந்தார். அவரோடு ஒரே ரூமில் தங்கியிருந்த கடம்பூர்க்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார். தலையில் அடி, நினைவு இல்லை. ஆபரேஷன் பண்ணலாமா, ஊருக்கு அனுப்பலாமா என்று அங்கே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புகிறேன், ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"நெனவு வந்துட்டுன்னா பேசுவாவளா தம்பி? ஒரு வார்த்த பேசிட்டாப் போதும் எனக்கு."

பேசுவார் என்றேன். மெயில் வந்தவுடன் நானே திறந்து தருகிறேன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற பிரௌசிங் சென்டருக்கெல்லாம் போக வேண்டாம் என்றும் சொன்னேன். இங்கேதான் என் வாய்க்கொழுப்பு. அந்த நிமிஷம் என் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டே இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் வைரஸ் வந்து என் விண்டோஸைத் துடைத்து எடுத்திருந்தது. திரும்பவும் திருட்டு சிடி போட மாட்டேன் என்று வீம்பாக, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸை ஏற்றிவிட்டேன். டவுனிலேயே லினக்ஸ் ஓட்டுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். எல்லாம் ஓடியது, போன் லைன் வழியாக இன்டர்நெட்டில் சேர்க்கிற மோடம் தவிர. என் மோடம் மலிவு ரகம். பாதி வேலையை கார்டு செய்யும், மீதியை விண்டோஸ் செய்யும். லினக்ஸில் அந்த மீதியைச் செய்ய டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக மோடம் வேண்டும். நல்ல கூத்து.

அந்த நேரத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அங்கே இருப்பவர்களும் மனுஷர்கள்தானே, மெயில் திறக்கத் தெரியாதா என்ன? ஆனால் அங்கே போய் நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். வெள்ளிக்கிழமை காலையில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். டிரைவரை இறக்கி பிளாப்பியில் போட்டு வந்து பார்த்தால் பிளாப்பி படிக்கவில்லை. மத்தியானம் மறுபடி பஸ். இந்தத் தடவை மூன்று பிளாப்பியில் மூன்று பிரதி. இதில் அசட்டுத்தனம் என்னவென்றால், திருநெல்வேலியில் இரண்டு தடவை இன்டர்நெட் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மெயிலை அங்கேயே திறந்து பார்க்கத் தோன்றவில்லை. என் மண்டைக்குள் அப்போது டிரைவர் ஒன்றுதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் டிரைவரை என் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி கம்பைல் பண்ண உட்கார்ந்தேன். அக்கா எதிர் பெஞ்சில் நைட்டி மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். கெர்னல் சோர்ஸ் இல்லை என்று முதல் எரர். இரண்டாவது சிடியிலிருந்து அதை ஏற்றினேன். வெர்ஷன் பொருந்தவில்லை என்று அடுத்த எரர். அதையும் சரி பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள், "இந்தா ஆச்சுக்கா, அஞ்சு நிமிசம்" என்பேன். எத்தனை அஞ்சு நிமிஷம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பதினொன்றரை மணி வாக்கில் டிரைவர் ஏறிவிட்டது. மோடத்தோடு நேரடியாகப் பேசுவதற்கு ஒரு புரோகிராம் உண்டு. அதில் ஏடி என்று அடித்தால் மோடம் உயிரோடு இருந்தால் ஓகே என்று பதில் தரும். அடித்தேன். ஓகே என்றது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஆனால் டயல் பண்ணச் சொன்னால், நோ டயல்டோன் என்று ஒரே வரி. பத்து தடவை அடித்தேன், பத்து தடவையும் அதே வரி.

சுவரில் இருந்த பெட்டியில் போன் வயரும் மோடம் வயரும் ஒரே திருகில்தான் கட்டியிருந்தேன். போன்தான் லைனைப் பிடித்து வைத்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தானே கோளாறு கண்டுபிடிக்க வேண்டும்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து போன் வயரைக் கழற்றிப் போட்டேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "தம்பி, அதக் கழத்திட்டா போன் அடிச்சாக் கேக்குமா?"

"கேக்காதுக்கா. இப்போ யாரு அடிக்கப் போறா? மெயில் அனுப்புதேன்னுதான சொல்லிருக்காரு. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

சும்மா இருங்க என்றேன். என்னைவிட பத்து வயது மூத்தவளை, புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளை. அவளும் சரி தம்பி என்று குனிந்து பட்டனைத் தைத்தாள்.

டிரைவரோடு வந்த குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் படித்திருப்பேன். நான் ஒன்றும் அடிக்காமலே திரையில் எழுத்து விழுந்தது. ரிங். கீழே இன்னொரு வரி, ரிங். அதற்குக் கீழே இன்னொன்று.

ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த மோடம் தானாகப் பேசுகிறது. அடடா, அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. விண்டோஸில் இந்த வரியெல்லாம் கண்ணுக்கே வராது, நான் பார்த்ததே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு விநாடி யோசிக்கவில்லை. லைன் கிடைத்துவிட்டது, டிரைவர் வேலை செய்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. "அக்கா, இங்க பாருங்க, லைன் வந்துட்டு!" என்று கத்திக்கொண்டே டயல் கட்டளையை அடித்தேன்.

மோடம் லைனை எடுத்தது. கார்டில் ஒட்டியிருந்த துளி ஸ்பீக்கரில் கர்ர் என்று ஒரு சத்தம். விட்டுவிட்டு வந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள், மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "என்ன தம்பி, உள்ள வண்டு கெடக்கா?" நானும் சிரித்தேன். நாலைந்து விநாடிதான். திரையில் நோ டயல்டோன் என்று வந்தது, சத்தம் நின்றது.

அப்புறமும் விடவில்லை. முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்ப டயல் பண்ணினேன். கடைசியில் குறிப்பின் அடியில்தான் விஷயம் இருந்தது. நம் எக்ஸ்சேஞ்சின் டயல் டோன் இந்த மோடத்துக்கு அடையாளம் தெரியாது, டோனுக்குக் காத்திருக்காமல் டயல் பண்ணு என்று கட்டளையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். கீச்சென்று கத்தி, இணைந்துவிட்டது. போனுக்கும் அந்தக் கோளாறுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மெயில் இருந்தது. ரிப்போர்ட் நாலு பக்கம் படமாக இறங்க ஒரு மணி நேரம் ஆனது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், அக்கா டாக்டரைப் பார்க்க ஓடினாள். ஆபரேஷன் உடனே பண்ணச் சொல்லுங்க என்று அவர் சொன்னாராம். மூச்சிரைக்க அதோடு வந்து நின்றாள். கடம்பூர்க்காரருக்கு போன் பண்ணிச் சொல்லலாம் என்று நான் போன் வயரைத் திரும்பக் கட்டினேன். கட்டி முடிக்கும் முன்பே மணி அடித்தது. கடம்பூர்க்காரர்.

"முடிஞ்சுட்டு அண்ணாச்சி" என்றார். அவர் அழுது முடிக்கும்வரை நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். போனில் கடம்பூர்க்காரர் சொல்லிக்கொண்டே போனார்.

"நம்மூரு மத்தியான நேரத்துல நெனவு வந்துச்சு அண்ணாச்சி. அவகிட்ட ஒரு வார்த்த பேசணும்னாவ. என் செல்லுல உங்க நம்பரப் போட்டுக் காதுல வச்சேன். ரெண்டு மூணு ரிங் போச்சு, எடுத்தாங்க. 'ஏட்டி, நாந்தான். ஏட்டி, கேக்குதா'ன்னாவ. அந்தப் பக்கம் ஒரு பேச்சும் இல்ல. டப்புன்னு வச்சுட்டாங்க. அப்புறம் எத்தன தடவ அடிச்சாலும் எங்கேஜ்டு. 'அவளுக்கு இன்னும் கோவம் தீரல'ன்னாவ. அதான் கடைசியாப் பேசுனது. யாரு அண்ணாச்சி போன எடுத்தது?"

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மூன்று வரி ரிங். வண்டுச் சத்தம். வாயைத் திறந்து நான் சொன்னது இது: "லைன் கோளாறு அண்ணாச்சி. கேபிள் சரியில்ல."

அது சித்திரை வெயில் காலம். கரிசல் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், பூமிக்குள் போகிற போன் கேபிள் அந்த இழுப்பில் அறுந்துபோகும். வருஷா வருஷம் நடப்பதுதான். அதனால் தெருவில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. கடம்பூர்க்காரர் அன்று அவர் கடைசியாகச் சொன்னதை அக்காவிடமும் சொல்லியிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "நான் போன வச்சுட்டேன்னு நெனச்சுட்டாவ. மின்னாடி ஒரு தடவ வச்சவதான நான்." எல்லாரும் கேபிள் அறுந்ததற்கு நீ என்ன செய்வாய் என்று தேற்றினார்கள். நானும் தேற்றினேன். வெட்கங்கெட்டவன்.

பெட்டியில் அவர் வந்து சேர மூன்று வாரம் ஆனது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறாள், உண்மையைச் சொன்னால் அந்தப் பாரமாவது இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். என் பாரத்தை இறக்கத்தான் போனேன் என்பது இப்போது தெரிகிறது.

வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். கேபிள் அறுந்துபோகவில்லை அக்கா, நான்தான். திரையில் எழுத்து விழுந்ததே, அது அண்ணன் போட்ட போன். நான் டயல் பண்ணவும் மோடம் அதை எடுத்துவிட்டது. கர்ர் என்று கேட்டது அண்ணனுடைய சத்தம்தான். எடுத்ததும் மோடம், வைத்ததும் மோடம். நீங்கள் வைக்கவே இல்லை.

திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று நின்றேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கையில் இருந்த நைட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு வச்சா என்ன தம்பி. அவியளுக்கு அது நாந்தான்" என்றாள். அடுத்த நைட்டியை மூட்டையிலிருந்து உருவினாள்.