பெருமாள் பெயரில் வரும் பில்

மாதம் ஒருமுறை மின்சார பில் கொண்டுவருபவர் வாசலில் நின்று, மராட்டியில் பெரியவர்களை அழைக்கிறபடி "பெருமாள் காகா!" என்று கூப்பிடுவார். நான் "ஹோ", அதாவது ஆமாம், என்று எழுந்து போய் வாங்கிக்கொள்வேன். என் பெயர் பெருமாள் இல்லை. பூனாவில், ஹடப்சரில் இந்த வீட்டுக்கு நான் குடிவந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. மீட்டர் இன்னும் பெருமாள் பெயரில்தான் ஓடுகிறது. ஒருமுறை அவருக்கு விளக்கப் பார்த்தேன். மதராசிகளுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "தேச் தே" என்று சிரித்தார். எல்லாம் ஒன்றுதானே என்று அர்த்தம். பெயரை மாற்ற ஒரு விண்ணப்பமும் பத்திர நகலும் போதும். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

போன வாரம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. "எடம் வாங்கறதுல எப்படிங்க சார் ஆரம்பிக்கறது? அடமானக் கடனையே வெலைக்கு வாங்கலாமாமே?" என்று கேட்டார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் ஆரம்பித்த விதத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஊரிலிருந்து படிக்கும் உங்களுக்கும், இங்கே மனை தேடி அலையும் நம்மவர்களுக்கும் இப்போது சொல்கிறேன்.

போசரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். மராட்டி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். பெருமாள் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவன் அப்பாவுக்கு ஆரணிப் பக்கம். அவன் பிறந்ததே பூனாவில். நான் வந்த புதிதில் எனக்கு அறை பிடித்துக் கொடுத்து, ஆறு மாதம் தன் வீட்டில் சாப்பாடும் போட்டவன். மராட்டியில் சண்டை போடும் அளவுக்குப் பேசுவான், ஆனால் படிக்க வராது. ஊரில் பத்திர எழுத்தர் எழுதியதை நம் பாஷையில் உரக்கப் படித்துக் காட்டுவார், கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. இங்கே எங்கள் ஆட்கள் மராட்டிப் பத்திரத்தில் முதலில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு நகலை மடித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வருவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் விருப்ப ஓய்வு வாங்கினேன். எங்கள் பகுதியில் எல்லோரும் சாவ்கார் என்று அழைத்த ஒரு வட்டிக்காரர், வயதாகிவிட்டதால் தொழிலை முடித்துக்கொள்ள நினைத்தார். தன்னிடமிருந்த அடமானப் பத்திரங்களை விலை குறைத்து விற்றார். வாங்கியவருக்கு வட்டி வரும், கடன் அடைபட்டால் முழு அசலும் வரும். இரண்டு பத்திரங்கள் வாங்கினேன். இரண்டும் ஒழுங்காக அடைபட்டன. வேலை செய்யாமல் வந்த பணம் ருசித்தது. மூன்றாவதாக அவர் விரித்த பத்திரம் இந்த வீட்டினுடையது. பெருமாள் மகள் கல்யாணத்துக்கு வைத்துக் கடன் வாங்கியிருந்தான்.

ஆனால் அது கஹாண்கத், அதாவது அடமானப் பத்திரம் இல்லை. கரேதிகத் என்று தலைப்பிட்ட கிரயப் பத்திரம். சாவ்கார் வழக்கம் அது: காகிதத்தில் விற்பனை, வாய்ச்சொல்லில் அடமானம். பணம் திரும்பி வந்தால் வீட்டைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிடுவார். ஒருமுறைகூட அவர் சொல் தவறியதில்லை. "இதுவரைக்கும் வாக்கு என்னுடையது, இனிமேல் உங்களுடையது" என்று மராட்டியில் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாள் தன் நகலோடு வந்தான். அவன் மனைவி சரசுவும் வந்தாள்.

"சாவ்கார் காகஜ் எல்லாம் விக்கிறாராமேண்ணா. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லுங்க. இவளுக்கு மராட்டி எழுத்தப் பார்த்தாலே ஜொரம் வந்துடுது."

"ராத்திரியெல்லாம் தூங்காதது யாரு, நானா?" என்றாள் சரசு.

முதல் வரியே கிரயம் என்றுதான் சொன்னது. "அடமானம்தான் பெருமாள். பணத்தைக் கட்டினா வீடு உனக்கு" என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், நாலு பேரை வைத்துச் சாவ்காரிடமே அடமானம் என்று மாற்றி எழுதி வாங்கியிருப்பான். மறுவாரம் சாவ்காரிடமிருந்து வீட்டை என் பெயருக்குக் கிரயம் செய்துகொண்டேன்.

சில வருடங்கள் பெருமாள் தவறாமல் வட்டி கொடுத்தான். அதற்குள் ஹடப்சரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. மனை விலை எங்கேயோ போய்விட்டது. ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்ததும் அவனும் சரசுவும் துணிப்பையில் அசலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் பத்திரத்தை எடுத்து முதல் வரியைப் படித்துக் காட்டினேன். அவனுக்கு நான் சரியாகப் படித்துச் சொன்னது அப்போதுதான்.

"நீங்கதானேண்ணா படிச்சி சொன்னீங்க" என்றான். அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அங்கேயும் பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

காலி செய்த அன்று சரசு வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். "காலைல ஆறு மணிக்குத் தண்ணி வரும்ணா. அர மணிதான். அதுக்குள்ள டிரம்ம ரொப்பிக்குங்க."

கல்யாணம் காட்சிக்கு மட்டுமே போய்வந்த ஆரணிப் பக்கத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பூனாக்காரங்க என்று பெயர். இரண்டாம் வருடம் பெருமாள் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. இந்த இடத்தை வாங்குவதாக இருந்த பில்டரும் மனைப் பிரிப்புக்கு அனுமதி இல்லையென்று பின்வாங்கினார். என் மனைவி இறந்தபின், வேறு ஆளைக் குடிவைக்க மனம் வராமல் நானே இங்கு வந்து சேர்ந்தேன். வீட்டைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்று சரசுவுக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருவர் படித்துச் சொல்லியிருப்பார். படித்துச் சொல்கிறவர்களை அவள் எப்படி நம்புவாள்?

எப்போதாவது நான் ஊருக்குப் போனால் என்னையும் பூனாக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். இங்கே என் பெயர் அலமாரிக்குள் இருக்கும் பத்திரத்தில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து டிரம்மை நிரப்புகிறேன்.

இந்த மாதம் பில் கொண்டுவந்தவர் புது ஆள். வாசலில் நின்று, பெருமாள் காகா இருக்கிறாரா என்று மராட்டியில் கேட்டார்.

"ஹோ, ஆஹேத்" என்றேன். இருக்கிறார்.