உடையப்பன் முடி இறக்கிய வாரம்

ஈப்போவில் கல்யாண விருந்துக்குப் போய் வந்தவர்களில் பாதிப் பேருக்கு உடையப்பனின் தலையைத் தெரியும். முகம் அப்புறம்தான். மற்ற நாள்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனிதர், சனி ஞாயிறு வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறி மைக் பிடித்துவிடுவார். "இதோ மணமக்கள் வருகிறார்கள், எழுந்து நின்று கைதட்டுங்கள்" என்று அவர் முழங்கினால், பிரியாணியில் கை வைத்தவர்கள்கூட எழுந்துதான் ஆக வேண்டும். குரல் சுமார்தான். ஆனால் அந்த முடி இருக்கிறதே, அடேயப்பா! ஐம்பத்தேழு வயதில், நெற்றிக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குச் சுருள் சுருளாக எழும்பி நிற்கிற கறுப்பு முடி. கறுப்பு மட்டும் கடையில் வாங்கியது, மற்றதெல்லாம் சொந்தம். சாமி படத்துக்குப் பூ வைக்க மறந்தாலும் மறப்பார், தலைக்குக் கிரீம் வைக்க மறந்ததில்லை. இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவி விமலா கல்யாணமான முதல் வருடத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை இன்னொரு சுருட்டைத் தலை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் மகள் ஷாமினி. அவளுக்கு வேலை தஞ்சோங் மாலிமில், கார் தொழிற்சாலையில். வாரம் முழுக்க அங்கே தங்கிவிட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு வரும்போது மார்போடு பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பூடில் குட்டி. வயது பத்து வாரம். பெயர் மோச்சா.

"எனக்குத்தான் வாங்குனேன் பா. ஆனா வாரத்துல நீங்க பாத்துக்கணும்லா. நீங்கதானே காலைல பஸ் ஓட்டிட்டு வந்து சும்மா இருக்கீங்க?"

சும்மா! அந்த நேரத்தில்தான் அவர் கண்ணாடி முன்னால் நிற்பார் என்பது மகளுக்குத் தெரியாதா என்ன?

"நாய வீட்டுக்குள்ள வைக்கிறதா?" என்றார் உடையப்பன். "ரப்பர் தோட்டத்துல நாங்க வச்சிருந்தோமே, அதெல்லாம் நாயி. மணின்னு கூப்பிட்டா லயத்து வீட்டு வாசல்ல வந்து நிக்கும். கணக்கெழுதுற பெரிய கிராணியவே சைக்கிளோட சாக்கடைல தள்ளுச்சு. இது என்னா, முகத்துக்குப் பவுடர் போடுற பஞ்சு மாதிரி இருக்கு."

தோட்டத்தில் அவர் வீட்டில் அடுத்தடுத்து ஐந்து நாய்கள் இருந்தன. ஐந்துக்கும் பெயர் மணி. ஐந்தும் மிச்சச் சோற்றையும் மீன் தலையையும் எலும்பையும் தின்று, வெயிலிலும் மழையிலும் கிடந்து, வாழ்நாள் முழுக்கக் குரைத்தே செத்தன. நாய் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஷாமினி கட்சி பேசவில்லை. ஐஸ் பெட்டிமேல் ஒரு தாளை ஒட்டினாள். ஒரு நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம் நாய் உணவு, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வேண்டும். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. 'எதுவும்' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பில் மூன்று கோடு. அந்த மூன்று கோடும் யாருக்காக என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை தொடங்கின பாருங்கள் அந்த இன்பமான நாள்கள்! விமலா பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போய்விட, வீட்டில் உடையப்பனும் மோச்சாவும் மட்டும். குட்டிக்காக விரித்த தாளில் குட்டி தூங்கியது. தூங்க வைத்த மெத்தையில் ஒன்றுக்குப் போனது. இரண்டுக்குப் போக அது தேர்ந்தெடுத்த இடம், உடையப்பன் மேடைக்கென்று பளபளவெனத் துடைத்து வைத்திருந்த கறுப்புச் சப்பாத்து. வலது காலுடையது. செவ்வாய்க்கிழமை இடது காலுடையதற்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது. மைக் ஒயரைக் கடித்தது. கிரீம் டப்பாவின் மூடியைக் கடித்தது. சின்ன வயிறுதானே என்று எண்ணினால், அதற்குள் எங்கேயோ குழாய் இணைப்பு வைத்திருப்பதுபோல அரைமணிக்கு ஒரு தரம் ஈரமாக்கியது. அம்மம்மா, செல்லப் பிராணி வளர்ப்பதில்தான் எத்தனை மனநிம்மதி!

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. அது குரைக்கவில்லை. கேஸ் சிலிண்டர்த் தோம்பு தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஆள் நேராகச் சமையலறைவரை வருகிறான். இது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. பக்கத்து வீட்டு இருளாயியின் பூனை வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டுப் போகிறது. இது வாலை ஆட்டி நன்றி சொல்கிறது.

"வெக்கமா இல்ல ஒனக்கு? ஒரே ஒருவாட்டி கொலைடா பாப்போம்," என்று தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, "லொள், லொள்" என்று அவரே குரைத்துக் காட்டினார். மோச்சா மிகவும் ரசித்தது. இருளாயியும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரசித்தாள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவும்போது, குட்டி வந்து அவர் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். சீவி முடிக்கும்வரை அசையாது. முப்பது வருடத்தில் அந்த முடியை அவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் கூடுதலாகச் சீவினார்.

அந்தப் பாசம்தான் புதன்கிழமை வேலையைக் காட்டியது. கிண்ணத்தில் ஊறிக்கிடந்த உருண்டைகளைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். "பாவம், வளர்ற புள்ளைக்கு இதையா போடுறது? இதத் தின்னா எப்படிக் கொலைக்கும்?" என்று தனக்குத் தானே நியாயம் பேசி, முந்தைய நாள் கோழிக் குழம்பில் சோறு பிசைந்து, ஒரு கால் எலும்பையும் நொறுக்கிப் போட்டார். மூன்று சிவப்புக் கோடும் பார்த்துக்கொண்டேதான் இருந்தன. மோச்சா கிண்ணத்தை நக்கித் துடைத்தது. உடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐந்து மணிகளை வளர்த்த கை அல்லவா!

சாயங்காலம் நாலு மணிக்கு அவர் பேருந்தை விட்டு இறங்கி வந்தபோது குட்டி நாலு தரம் வாந்தி எடுத்துவிட்டு அவர் சப்பாத்துக்குள் தலையை வைத்துப் படுத்திருந்தது. கூப்பிட்டால் வால் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

விமலாவும் அவரும் துண்டில் சுற்றிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினார்கள். சீன டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் எலும்பு இருக்கிறது, தானாக வெளியே வந்தால் நல்லது, அறுத்து எடுக்கலாம் என்றால் உடம்பு தாங்காது என்றார். யார் கொடுத்தது என்றும் கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பூன," என்றார் உடையப்பன், கண்ணைக்கூட இமைக்காமல். "அதுதான் எங்கயாச்சும் பொறுக்கிட்டு வந்து போட்டிருக்கும்."

மேடையில் பத்து வருடம் பொய்ப் புகழ் பாடியவருக்கு இதெல்லாம் பெரிய காரியமா? ஆனால் அவர் விரல் தடிமன்கூட இல்லாத குட்டியின் காலில் ஊசி ஏற்றி ஒட்டுப் போட்டபோது, மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெறும் துண்டோடு வீடு திரும்பினார்கள்.

பழி பரவாமல் இருக்குமா? மறுநாள் விடிந்ததும் இருளாயி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏண்ணே, எம் பூனையா எலும்பு போட்டுச்சு? எங்க வீட்ல விரதம்ணே. கறி ஆக்கி ஒரு மாசமாச்சு. அதுவே பால்சோத்தத் தின்னுட்டு எங்கள மொறைச்சுக்கிட்டுக் கெடக்கு."

"ஊர்ல வேற வீடே இல்லையாக்கும்," என்று முணுமுணுத்துவிட்டு உடையப்பன் பேருந்துக்கு நழுவினார். வாசலில் நின்ற விமலா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்க்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தை அவர் வீட்டுக்குத் திருப்பவில்லை. சுங்கை சிப்புட்டைத் தாண்டி, பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு விட்டார். லயம் இல்லை, பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. முனியாண்டி மட்டும் தகரக் கூரைக்குக் கீழே மீசையை முறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தார்.

"சாமி, குட்டி பொழைக்கணும். ஒரு கட்டுச் சுருட்டு வைக்கிறேன்," என்றார் உடையப்பன்.

முனியாண்டி முறைத்தார்.

"ஒரு சேவலும்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். கோழியால் வந்த வினைக்குக் கோழியையே காணிக்கை வைப்பதா? குட்டிக்கே மொட்டை போடுவதாக வேண்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஷாமினியின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்த யோசனை ஓடியே போய்விட்டது. பிறகு அவர் கை தானாகத் தலைக்குப் போனது. சாமியின் பார்வையும் முதலிலிருந்தே அங்கேதான் இருந்ததாக அவருக்குப் பட்டது.

"சரி சாமி. என் முடி. மொட்ட."

பேருந்தில் ஏறிச் சாவியைப் போடுவதற்குள் விமலாவின் போன். எலும்பு வெளியே வந்துவிட்டதாம், நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாமாம். சாமி இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை பார்க்கும் என்று தெரிந்திருந்தால் சுருட்டோடு நிறுத்திப் பார்த்திருப்பார்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு பெரிய கல்யாணம். ஈப்போவிலேயே பெரிய மண்டபம், பெரிய குத்தகையாளர் வீட்டு விசேஷம். வாசல் பதாகையில் அவர் படத்தையும் போட்டிருந்தார்கள். படத்தில் முக்கால்வாசி முடிதான். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு முறை போன் பண்ணும்போதும், "அண்ணே, அதே ஸ்டைல்ல வந்துருங்க" என்று சொல்லி வைத்தார்கள். அதனால் அவர் மனத்துக்குள் ஒரு தவணை கேட்டுக்கொண்டார். கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை இறக்கினால் சாமி கோபித்துக்கொள்ளுமா? தோட்டத்துச் சாமி, நிலைமை புரியாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோச்சா வீட்டுக்கு வந்தது. அவர் கண்ணாடி முன்னால் நின்றார். அது தட்டுத்தடுமாறி வந்து அவர் பாதத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்து, ஒரு தும்மல் போட்டது. ஒரே ஒரு தும்மல்தான். உடையப்பன் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை முனியாண்டி கோயிலில், பக்கத்துக் கடையில் முடி வெட்டுகிற பத்துமலை என்கிற பையன் சவரக் கத்தியோடு வந்து நின்று, அந்தத் தலையைப் பார்த்துக் கலங்கிப்போனான். "அண்ணே, பூமுடி எடுத்தாப் போதுமே? மூணு கொத்து. சாமிக்கும் ஆச்சு, ஒங்களுக்கும் சூசா இல்ல, கஷ்டம் இல்ல."

அலாமாக், இதை வியாழக்கிழமையே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தும்மல் சத்தம் காதில் கேட்டது. "மொட்டன்னு சொல்லிட்டேன் தம்பி. எடு."

தலையிலும் உடம்பிலும் சந்தனத்தை அப்பிக்கொண்டு அவர் வீட்டு முன்கதவுக் கம்பியில் கை வைத்தபோது, ஷாமினி அப்போதுதான் வந்து குட்டியை மடியில் வைத்திருந்தாள். மோச்சா தலையைத் தூக்கிப் பார்த்தது. மடியிலிருந்து குதித்தது. நாலு காலையும் அகட்டி ஊன்றி, உடம்பு மொத்தமும் குலுங்க, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரைத்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. தெருவே எட்டிப் பார்த்தது.

"கொலைக்குது! விமலா, ஓடியா, கொலைக்குதுடி!" உடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா ஷாமினி? கிராணிய தள்ளுன மணி மாதிரியே கொலைக்குதுலா!"

"அப்பா? ஐயோ, அப்பாவா? என்ன பா இது, நாளைக்குக் கல்யாணம்!"

"நம்ம மோச்சாவுக்காக வேண்டிக்கிட்டேன்மா," என்றார் அவர், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே.

விமலா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். மொட்டையை நெற்றியிலிருந்து பிடரிவரை நிதானமாகப் பார்த்தாள். மதிலுக்கு மேலே இருளாயியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எலும்பு போட்டது பூனதானே?" என்றாள் விமலா. "அப்புறம் மொட்ட மட்டும் நீங்க ஏன் போட்டீங்க?"

உடையப்பனின் கை பழக்க தோஷத்தில் முடியைக் கோதப் போய், வெறும் சந்தனத்தில் வழுக்கியது. யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. மோச்சா மட்டும் அவரை உள்ளே விடாமல் குரைத்துக்கொண்டே இருந்தது.