தரைக்குப் பவுடர் போட்ட சீசன்

இன்றைக்கு இங்கே, வளைகுடாவில், ரோலர் ஹாக்கி லீக் நடந்தால் முன்வரிசை சோபாவில் எனக்கு இடம் உண்டு. ஆடுகிறவர்கள் சட்டையில் என் கம்பெனி பெயர் இருக்கும். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். புஜைரா துறைமுகத்தில் எந்த டிரைவரிடம் கேட்டாலும் என் டிரெய்லரைக் காட்டுவான். பட்டம் வாங்கியவர்கள் என் ஆபீஸில் எழுந்து நின்று பேசுகிறார்கள். உழைத்தவன் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் தரை துடைக்க ஆட்கள் வந்தால் மட்டும் நான் போனை எடுத்து வைத்துக்கொள்வேன்.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பாதான் அந்தத் தரையைத் துடைத்தார். ஆட்டம் நடக்கும் ரிங்க்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். காலில் சக்கரம், கையில் மட்டை, வெளிநாட்டிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஆட்டக்காரர்கள். அவர்களில் ஒரு போர்ச்சுகல்காரர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரிங்க்கைச் சுற்றுவார். 'எங்கப்பா கிரவுண்டு' என்று மற்றப் பிள்ளைகளிடம் அளந்துகொண்டு திரிந்தேன்.

அந்த சீசன் இழுத்துக்கொண்டே போய் வெயில் காலத்தில் நுழைந்துவிட்டது. கடற்கரை ஊர். பொழுது சாய்ந்தால் தரை வியர்க்கும். அப்பா துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி ஈரம். அடுத்தடுத்து ஆட்டம் தள்ளிப்போனது. கடைசி ஆட்டத்தன்று, கிளப்பை நடத்திய அரபு முதலாளி, அர்பாப், அப்பாவைக் கூப்பிட்டு, "பானி மாஃபி! மேட்ச் கேன்சல், தும் பி கேன்சல்," என்றார். ஈரம் இருந்து ஆட்டம் நின்றால் உன் விசாவும் ரத்து என்று அர்த்தம். அம்மா அன்று சோறு வடிக்கவில்லை.

உதவிக்குத் தொழிலாளர் கேம்பிலிருந்து சித்தப்பா ஆள்களோடு வந்தார். கேம்பில் கேரம் ஆட்டத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

"அண்ணே, போர்டு பிசுபிசுத்தா என்ன பண்ணுவோம்? பவுடர் தூவுவோம்ல. இதுவும் போர்டுதான், கொஞ்சம் பெருசு."

"வெளையாடாதடா. மனுசன் வகுத்துல நெருப்பு எரியுது."

"தூவித்தான் பாரேன். காயி பறக்கும்."

முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாக்கள் கேம்பிலிருந்து பையில் வந்தன. எல்லோருமாகத் தூவித் துணியால் தேய்த்தார்கள். நானும் தேய்த்தேன். ரிங்க் முழுக்கக் கைக்குழந்தை வாசம். அர்பாப் வந்து தரையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. "அச்சா" என்று அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. காய் பறக்கத்தான் செய்தது. பந்தோடு வேகமாக வந்த போர்ச்சுகல்காரர் திரும்ப நினைத்தார். சக்கரம் தரையைப் பிடிக்கவில்லை. நேராகப் போய்ச் சுற்றுப்பலகையில் தலை மோதி விழுந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் அவர் கண் திறக்கவே இல்லை என்பதை நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள்.

அர்பாப் வெள்ளை படிந்த விரலைக் காட்டி "கோன் கியா?", யார் செய்தது என்று கத்தினார். சித்தப்பா காலி டப்பாவோடு ஓரடி முன்னால் வந்தார். அப்பா அவரை முழங்கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "நான்தான். நான் மட்டும்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையை அப்பா தான் ஒருவரே செய்ததாகச் சொல்லிப் பேர் வாங்கப் பார்க்கிறாரே என்று.

மறுநாள் காலையில் வாசலுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். என் தலையைத் தடவி, "டியூட்டிக்குப் போய்ட்டு வர்றேன்," என்றார். போலீஸே வண்டி கொண்டுவந்து கூட்டிப்போகிற அளவுக்குப் பெரிய ஆள் என் அப்பா! பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கை காட்டினேன். அப்பாவும் கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டினார்.

வண்டிக்குப் பின்னால் ஓடலாம் என்றால் சித்தப்பா என் தோளைப் பிடித்திருந்தார். நான் ரோட்டில் ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். அவர் விரல்கள் எலும்பில் இறங்கின. ஜீப் திருப்பத்தில் மறைந்தும் பிடி தளரவில்லை.

"வலிக்குது சித்தப்பா, விடுங்க, நான் எங்கேயும் ஓட மாட்டேன்," என்று கத்தினேன்.